விஷம் ஊறிய காலி மனையை மீட்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

பட்டறையோ ஆலையோ மூடிப் பதினைந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். சுற்றுச்சுவர் பாதி சரிந்து, உள்ளே முள்ளும் உடைந்த கண்ணாடியுமாகக் கிடக்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். வசதியான பகுதியில் இப்படி ஒரு மனை இத்தனை காலம் சும்மா இருக்காது. மண்ணைச் சுத்தம் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு யாராவது வாங்கியிருப்பார்கள். வசதி குறைந்த பகுதியில் அந்தக் கணக்கு கட்டுபடியாகாது. அதனால் மனை அப்படியே கிடக்கும், அது கிடப்பதாலேயே சுற்றியுள்ள வீடுகளுக்கும் மதிப்பு ஏறாது.

இந்த மனையை ஏதாவது செய்யலாமே என்று குடியிருப்போர் சங்கத்திலோ இளைஞர் குழுவிலோ புதிதாகக் களமிறங்கியவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் மண் விஞ்ஞானி ஆக வேண்டியதில்லை. விஞ்ஞானியிடமும் அதிகாரியிடமும் என்ன கேட்பது, எந்தப் பதிலை நம்பாமல் இன்னொரு முறை கேட்பது என்று தெரிந்தால் போதும். அப்புறம், ஒரு விஷயத்தை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்: சுத்தமான பிறகு இந்த நிலம் யார் கையில் இருக்கும்? நிறைய பேர் இந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அப்போது பேச ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதல் படி: இங்கே என்ன வரவேண்டும்?

மண் பரிசோதனைக்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். எவ்வளவு சுத்தம் போதும் என்பது நிலத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. வண்டி நிறுத்துமிடம் என்றால் மேலே தார் போட்டு மூடினால்கூடப் பல சமயம் போதும். காய்கறித் தோட்டம் என்றால் கதையே வேறு. குழந்தைகள் காப்பகம் என்றால் இன்னும் கடுமை. தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் உடம்புக்குள் போகும் முக்கியமான வழிகளில் அது ஒன்று. குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். கூட்டம் போட்டால் பேசுகிறவர்களே பேசுவார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் பள்ளி வாசலிலும் நின்று கேட்டால் வேறு பதில் வரும். பூங்கா வேண்டும் என்று வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போவீர்கள், மருந்தகமும் பேருந்து நிழற்குடையும் போதும் என்பார்கள். சரி என்று எழுதிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

அதே கையோடு இன்னொன்று. ‘இந்த மண் பாதுகாப்பானது’ என்று எவராவது சொன்னால், எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த வருஷத்து வரம்புப்படி என்று கேளுங்கள். வீட்டு மனை மண்ணில் ஈயம் 400 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு, தாண்டினால் ஆராய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் வைத்திருந்தது. 2024-இல் அதை 200 ஆகக் குறைத்தார்கள். மண் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியது. 2010-இல் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு இன்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

இரண்டாம் படி: நிலத்தின் பூர்வீகத்தைத் தோண்டுங்கள்

இந்த வேலை முழுவதிலும் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான். படித்த ஆலோசகர் இல்லாமலே நீங்கள் பாதி தூரம் போய்விடலாம்.

பழைய பத்திரங்கள், தொழில் உரிமங்கள், நகர வரைபடங்கள், விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள், தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்த கட்டட வரைபடங்கள், கிடைத்ததை எல்லாம் சேருங்கள். பத்தாண்டுக்கு ஒன்று என்று வரிசையாக மேசையில் பரப்பினால், 1960-இல் கொட்டகை இருந்த மூலையில் 1975-இல் குட்டை இருப்பதும், 1990-இல் அந்தக் குட்டை மேடாகியிருப்பதும் தெரியும். எதைப் போட்டு மூடினார்கள் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

அதற்கான பதில் காகிதத்தில் இருக்காது, அங்கே வேலை பார்த்தவரிடம் இருக்கும். அவரை மனைக்கே அழைத்துப் போங்கள். வீட்டுத் திண்ணையில் கேட்டால் ‘எல்லாம் மறந்து போச்சு’ என்பார். மனைக்குள் கால் வைத்ததும் நடை மாறும். கைத்தடியால் தரையில் கோடு போட்டு, ‘இங்கே தொட்டி, இந்தப் பக்கம் வாய்க்கால், மழை வந்தால் கழிவை இப்படித் திறந்து விடுவோம்’ என்பார். அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் மாதிரி எடுக்கத் துளை போடவேண்டிய இடம் அதுதான். அவர் மீது குற்றம் சுமத்துகிற தொனி மட்டும் வந்துவிடக்கூடாது. அன்றைக்குச் சொன்ன வேலையைச் செய்தவர் அவர்.

என்ன தொழில் நடந்தது என்று தெரிந்தாலே என்ன விஷம் என்று ஓரளவு ஊகிக்கலாம். பெட்ரோல் பங்க் என்றால் பூமிக்குள் தொட்டி, பென்சீன், பழைய பங்க் என்றால் ஈயமும். முலாம் பூசும் பட்டறையில் குரோமியம், நிக்கல், சயனைடு. தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம், சில சமயம் ஆர்சனிக். பேட்டரி உடைத்த இடத்தில் ஈயமும் அமிலமும். மரத்துக்கு மருந்தேற்றிய கிடங்கில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் அல்லது ஆர்சனிக். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய ஆலையில் தாரும் சயனைடும். அங்கே சில இடங்களில் மண் அடர்நீலமாக இருக்கும், அழகாகத்தான் இருக்கும், தொடாதீர்கள். உலர்சலவைக் கடை, அதாவது டிரை கிளீனிங் கடை, பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் அங்கே பயன்பட்ட பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. நிலத்தடி நீரையும் துளைத்துக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து பல வருஷம் தண்ணீரைக் கெடுக்கும். மேலே கட்டிய வீட்டுக்குள் ஆவியாகவும் ஏறும். இடிந்த கட்டடம் எதுவானாலும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஈயப் பெயின்ட்டும் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் லவ் கெனால். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஒரு ரசாயன நிறுவனம் பழைய கால்வாய்க் குழியில் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மூடியது. 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அப்படியும் அதன்மேல் பள்ளி கட்டினார்கள், சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அப்போது ஊரைத் திரட்டியவர் லோயிஸ் கிப்ஸ் என்ற, அங்கேயே குடியிருந்த தாய். மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் 1980-இல் வந்ததற்கு அந்தப் போராட்டம் பெரிய காரணம்.

மனையைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது மூடிய காலணி, முழுக்கைச் சட்டை போடுங்கள். தரையிலிருந்து நீட்டியிருக்கும் குழாய், இரும்பு மூடி, எண்ணெய்க் கறை, புல்லே முளைக்காத திட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பீப்பாயைத் திறக்க வேண்டாம். மண்ணை அள்ளி மூக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: மூலம், வழி, ஆள்

ஒரு காகிதத்தில் இந்த மூன்றையும் எழுதிக் கோடு போட்டு இணையுங்கள். மூலம் என்றால் விஷம் இருக்கும் இடம். வழி என்றால் அது நகரும் பாதை, அதாவது தூசி, தண்ணீர், ஆவி, காய்கறி. ஆள் என்றால் அது போய்ச் சேரும் உடம்பு. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஏதாவது ஒன்றை அறுத்தால் ஆபத்து குறையும். நிபுணர்கள் நூறு பக்கத்தில் எழுதித் தருவதன் எலும்புக்கூடு இவ்வளவுதான். அறிக்கை கைக்கு வந்ததும் உங்கள் காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைக்கு அடுத்த வீட்டுக் கிணறு உங்கள் காகிதத்தில் இருந்து, அறிக்கையில் இல்லாமல் போயிருக்கும். அப்படி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டும் வேலை உங்களுடையது.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

இதற்குத் தகுதியுள்ள ஆட்களும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமும் வேண்டும். ஆனால் எடுக்கும் நாளன்று நீங்கள் கூட இருங்கள்.

துளையிடும் இயந்திரம் ஒளிபுகும் உறையோடு குழாயை அடித்து இறக்கும். மேலே எடுத்து, உறையை நீளவாக்கில் கீறித் திறந்தால், அந்த இடத்தின் வரலாறு ஒரு நீளத் துண்டாகக் கிடக்கும். மேலே செங்கல் பொடியும் சாம்பலும் கலந்த இட்டு நிரப்பிய மண், அதன்கீழ் கறுப்பாக ஒரு பட்டை, அப்புறம் சட்டென்று சுத்தமான களிமண். அந்தக் கறுப்புப் பட்டை எவ்வளவு ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். களிமண் தடுப்புச்சுவர் போல விஷத்தை நிறுத்தும், மணல் வழிவிடும். ஆவியாகும் பொருளைச் சோதிக்க வேண்டுமானால் மாதிரியை உடனே எடுத்து மூடவேண்டும். வெயிலில் வைத்து அரைமணி நேரம் கதை பேசினால் பென்சீன் பறந்துவிடும், ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வரும்.

எத்தனை இடம், எத்தனை ஆழம் என்று கட்டாயம் கேளுங்கள். பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் செலவு குறையும், கூடவே ஒரு மூலையில் குவிந்திருக்கும் விஷமும் சராசரியில் கரைந்து காணாமல் போகும். உலோகங்களுக்குக் கையடக்க எக்ஸ்ரே கருவி வைத்து அங்கேயே நிறைய புள்ளிகளைச் சோதித்துவிட்டு, சந்தேகப்பட்டதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நல்ல வழி அது. மண் மட்டும் போதாது. நிலத்தடி நீரும், மண் துளைகளுக்குள் இருக்கும் காற்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கையொப்பத் தாளின் நகல் உங்களிடம் இருக்கட்டும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் அது பேசும்.

முடிவு வந்ததும் முதலில் அண்டை வீட்டாரிடம் சொல்லுங்கள், பத்திரிகைக்கு அப்புறம் சொல்லலாம். பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம். ‘இந்த மூலையில் ஈயம் அதிகம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், வீட்டுக்குள் வரும்போது காலணியைக் கழற்றுங்கள், கை கழுவச் சொல்லுங்கள்’ என்பது மக்களுக்குப் புரியும், அன்றைக்கே செய்யவும் முடியும். மனைக்கு வேலி போட ஏற்பாடு செய்வதும் அதே வாரத்தில் நடக்கட்டும்.

ஐந்தாம் படி: எப்படிச் சுத்தம் செய்வது?

எல்லாவற்றையும் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் சுத்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேகமான வழிதான். ஆனால் அந்த மண் எங்கே போகும்? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாலையோரம் திருட்டுத்தனமாக ஊற்றப்பட்ட பிசிபி ரசாயனம் கலந்த மண்ணை அள்ளிக் கொட்ட, ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த வாரன் கவுன்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1982-இல் லாரிகள் வந்தபோது மக்கள் அவற்றுக்கு முன்னால் படுத்து மறித்தார்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சுற்றுச்சூழல் நீதி என்ற இயக்கம் அங்கிருந்துதான் பலருக்குத் தெரியவந்தது. உங்கள் தெரு விஷம் இன்னொரு ஏழைத் தெருவுக்குப் போகிறதா என்பதைக் கேட்காமல் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

மாற்று வழிகள் நிறைய உண்டு. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா வந்த இடம் பழைய தொழிற்சாலை நிலம். அங்கே ‘மண் மருத்துவமனை’ என்று செல்லமாகச் சொன்ன நிலையங்களை அமைத்து, மண்ணைக் கழுவி, சலித்து, பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் கலந்த மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் சத்தும் கொடுத்து நுண்ணுயிர்களைத் தின்னவிடலாம். ஆவியாகும் கரைப்பானை மண்ணிலிருந்து உறிஞ்சி எடுக்கலாம். நிலத்தடி நீர் போகும் பாதையில் இரும்புத் துகள் நிரப்பிய சுவர் வைத்தால், சில கரைப்பான்கள் அதைக் கடக்கும்போதே சிதையும். சில இடங்களில் சிமென்ட் கலந்து மண்ணைக் கல்லாக இறுக்கிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், சவுத் பிரெஸ்காட் என்ற ஏழைக் குடியிருப்பில் செய்தது. வீட்டு முற்றங்களில் ஈயம். தோண்டி எடுப்பதற்குப் பதிலாக மீன் எலும்புப் பொடியை மண்ணில் கலந்தார்கள். எலும்பில் உள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாக மாறும், உடம்புக்குள் போனாலும் அவ்வளவாக உறிஞ்சப்படாது. ஈயம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் வழி அறுபட்டுவிட்டது. அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்களையும் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த ஒரு வரியைப் போடச் சொல்லுங்கள்.

சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று யாராவது உற்சாகமாக வருவார்கள். சில செடிகள் சில உலோகங்களை இழுப்பது உண்மைதான். ஆனால் ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், செடிக்குள் அதிகம் ஏறாது. மற்றவற்றுக்கும் பல வருஷம் பிடிக்கும், அறுத்த செடியே கழிவாகிவிடும். காத்திருக்கும் காலத்தில் தூசி அடங்க நடலாம், அதோடு சரி.

மூடிவைப்பது இன்னொரு வழி. துணிபோன்ற தடுப்பு விரித்து மேலே நல்ல மண் போடுவது. மலிவு, நியாயமான வழிதான், ஆனால் அது சுத்தம் அல்ல, பராமரிப்பு. சியாட்டிலின் கேஸ் வொர்க்ஸ் பூங்காவைப் பாருங்கள். 1906 முதல் 1956 வரை ஓடிய எரிவாயு ஆலையின் இடத்தில் 1975-இல் திறந்த பூங்கா அது. ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் ஆலையின் கோபுரங்களை இடிக்காமல் வைத்து, மண்ணில் நுண்ணுயிர்களை வேலை செய்யவிட்டார். உலகமே பாராட்டிய பூங்கா. ஆனாலும் பல பத்தாண்டு கழித்தும் பக்கத்து ஏரியின் அடிவண்டலில் சுத்திகரிப்பு முடியவில்லை.

தோட்டம் மட்டும்தான் வேண்டும் என்றால், தடுப்பு விரித்து அதன்மேல் பெட்டி கட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த, சோதித்த மண்ணை நிரப்பிப் பயிரிடலாம். கிழங்கும் கீரையும்தான் அதிகக் கவலை, மண் ஒட்டிக்கொண்டே வரும். தக்காளி, கத்தரி போன்ற காய்களில் அந்தக் கவலை குறைவு.

ஆறாம் படி: வேலை நடக்கும் மாதங்கள்

இருபது வருஷம் அடங்கிக் கிடந்த தூசியைக் கிளப்புகிற காலம் இது. அதனால் தினமும் பாருங்கள். மண்ணை நனைத்துத் தோண்டுகிறார்களா, லாரியைத் தார்ப்பாயால் மூடுகிறார்களா, வெளியே வரும் சக்கரத்தைக் கழுவுகிறார்களா, பள்ளி விடும் நேரத்தில் லாரி ஓடுகிறதா. மனையின் எல்லையில் தூசி அளக்கும் கருவி வைத்து, அளவு தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். புகார் சொல்ல ஒரு ஆள், ஒரு எண் வேண்டும். அந்த எண்ணில் யாராவது எடுக்க வேண்டும்.

பணம்

கெடுத்தவர் இருந்தால் அவர் தரவேண்டும், அதுதான் பல நாட்டுச் சட்டம். பல சமயம் அந்த நிறுவனம் கலைந்தே போயிருக்கும். அப்போது அரசு மானியம்தான் வழி. சிறு தொகை என்று அலட்சியம் செய்யாதீர்கள். தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில், மூடிய உர ஆலைக்கும் குப்பை மேட்டுக்கும் நடுவே வாழ்ந்த மக்களுக்காக ஹரால்ட் மிட்செல் தொடங்கிய ரீஜெனிசிஸ் அமைப்புக்கு முதலில் கிடைத்தது 20,000 டாலர். அதை வைத்து மக்களையும் நகராட்சியையும் உர ஆலை நிறுவனத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்துச் சேர்ந்த முதலீடு 25 கோடி டாலரைத் தாண்டியது. சுகாதார நிலையமும் புதிய வீடுகளும் வந்தன. மானியம் கேட்கும்போது நீங்கள் தொகுத்த பூர்வீகக் கோப்பே உங்கள் முதல் மூலதனம். பொறுப்புச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் பார்க்காமல் மட்டும் சங்கத்தின் பெயரில் நிலத்தை எழுதி வாங்காதீர்கள். சில நாடுகளில் வாங்கியவர் தலையிலேயே பழைய மாசும் வந்து விழும்.

நிலம் யார் கையில்?

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மண் சுத்தமானதும் விலை ஏறும், வாடகை ஏறும். பத்து வருஷம் தூசியைத் தின்றவர்கள், பூங்கா திறக்கும் வருஷத்தில் வீட்டைக் காலி செய்ய நேரலாம். அதனால்தான் விலை ஏறுவதற்கு முன்பே, மனை யாருக்கும் வேண்டாத பொருளாக இருக்கும்போதே, பேசி முடிக்க வேண்டும்.

பாஸ்டனின் டட்லி தெருக்காரர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். 1980களில் அந்தப் பகுதியில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. ஊரார் குப்பையெல்லாம் அங்கே வந்து விழுந்தது. 1984-இல் அமைப்பு தொடங்கினார்கள். ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்று குப்பை லாரிகளை எதிர்த்ததுதான் முதல் வேலைகளில் ஒன்று. 1988-இல், காலி நிலங்களைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். நிலத்தைச் சமுதாய நில அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம், அடிமனை அறக்கட்டளைக்கு. விற்கும்போதும் விலைக்கு உச்சவரம்பு உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இன்றும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்குக் கூட்டுறவுச் சங்கமோ, நீண்டகாலக் குத்தகையோ, வேறு பெயரோ இருக்கலாம். முதல் கூட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரை அழைத்து இதைக் கேளுங்கள்.

கடைசியாகக் கோப்பு. கீழே என்ன மிச்சம் இருக்கிறது, எந்த ஆழத்தில், எங்கே தோண்டக்கூடாது, எங்கே கிணறு வெட்டக்கூடாது என்று ஒரு பக்க வரைபடம் போடுங்கள். அந்தத் தடை பத்திரத்தில் ஏறவேண்டும். கூடவே நகல்களைக் குழாய் பதிக்கும் துறைக்கும், மின்கம்பம் நடும் துறைக்கும், பக்கத்துப் பள்ளிக்கும் கொடுத்து, வருஷம் ஒருமுறை நேரில் போய் இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருஷம் கழித்து அங்கே குழி தோண்ட வரும் ஆளுக்கு உங்களைத் தெரியாது. அந்தத் தாள் மட்டும் கண்ணில் பட்டால் போதும்.